டெஸ்ட் ஓட ஓட நிரம்பும் டிஸ்க்: மட்டக்களப்புச் சின்ன டீமுக்கு ஒரு முழு வழிகாட்டி

நேற்றுப் பச்சையாக ஓடிய டெஸ்ட் இன்று சிவப்பு. கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. லொக்கைக் கீழ்வரை இழுத்துப் பார்த்தால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று ஒரு வரி கிடக்கும். சில வேளை அதுவும் இருக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சொல்லாமல் நின்றுவிடும், குரோம் திறந்த கையோடு மூடிக்கொள்ளும், பாதியில் அறுந்த ஜேசன் கோப்பை வாசிக்க முடியாமல் சம்பந்தமே இல்லாத இன்னொரு டெஸ்ட் விழும். ஆட்கள் அரை நாளைக் கோடுக்குள் தேடியே தொலைப்பார்கள்.

தேடினால் முதலில் வரும் பதில் ‘எல்லாவற்றையும் ப்ரூன் பண்ணு’, அதாவது பாவனையில் இல்லாததையெல்லாம் வெட்டி எறி. வரம்பில்லாத இணைப்பு இருப்பவருக்கு அது சரியான புத்திதான். கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ ஒரு ரவுட்டரை நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டு மாத டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் இடத்தில் கணக்கு வேறு. 30 ஜிபியை அழித்துவிட்டு அடுத்த நாள் 12 ஜிபியைத் திரும்ப இறக்கினால் டிஸ்க் மிச்சம், டேட்டா காலி. அதனால் இங்கே எதையும் அதன் பருமனைக் கொண்டு அளக்கவில்லை. போனால் திரும்பி வர என்ன செலவு என்பதைக் கொண்டுதான் அளக்கிறோம்.

மூன்று குவியல்

வைக்கோல்: இங்கேயே, இணையமில்லாமல், மறுபடி உண்டாவது. பில்ட் வெளியீடுகள், பாஸான டெஸ்ட்களின் வீடியோ, தற்காலிக பிரௌசர் புரொஃபைல்கள், டெஸ்டுக்காக உருவாக்கிய டேட்டாபேஸ்கள்.

கடைச் சாமான்: திரும்பக் கிடைக்கும், ஆனால் டேட்டா கொடுத்து வாங்க வேண்டும். டொக்கர் அடிப்படை இமேஜ்கள் (மென்பொருளை ஓடத் தயாராகப் பொதிந்து வைத்தவை), என்பிஎம், மேவன், கிரேடில் கருவிகள் இறக்கிச் சேமித்த கேஷ்கள், பிளேரைட் என்ற டெஸ்ட் கருவியின் பிரௌசர்கள், அண்ட்ராய்ட் சிஸ்டம் இமேஜ்.

விதைநெல்: போனால் போனதுதான். வாடிக்கையாளர் ஒரு தடவை அனுப்பிய டேட்டாபேஸ் டம்ப், கிட்டுக்குள் இன்னும் ஏற்றாத ஒப்பீட்டுப் படங்கள், பத்து நாளைக்கு ஒருமுறை மட்டும் விழும் டெஸ்டின் ட்ரேஸ் (படிப்படியான பதிவு), டெஸ்டைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸின் ஹோம் கோப்புறையில் உள்ள சாவிகள்.

அழிக்கும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரியும் எந்தக் குவியலைத் தொடுகிறது என்று தெரியாவிட்டால் அந்த வரியை எழுத வேண்டாம். விதைநெல்லை முதலிலேயே டெஸ்ட் ஓடும் கோப்புறைக்கு வெளியே, முடிந்தால் வேறு டிஸ்க்குக்கு, நகர்த்திவிடுங்கள்.

கீழே சொல்வதெல்லாம் 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், உபுண்டு, டொக்கர், ஜென்கின்ஸ் உள்ள ஒரு கணினியை மனதில் வைத்து எழுதியது. கட்டளைகள் உச்சரிப்பில் இருக்கின்றன. டைப் பண்ணும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் போடுங்கள். ‘+எல்1’இல் உள்ள எல், ‘200எம்’இல் உள்ள எம், ‘பேர்சிஸ்டன்ட்’இன் முதல் எழுத்து ஆகியவை மட்டும் பெரிய எழுத்து.

1. முதலில் அள

டிஎஃப் -எச்
டிஎஃப் -ஐ

முதலாவது இடத்தைக் காட்டும், இரண்டாவது ஐநோட் (கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் பதிவிடம்) எண்ணிக்கையைக் காட்டும். இரண்டாவதைப் பலரும் பார்ப்பதில்லை. ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பு வழமையாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்ற கணக்கில் பிரிக்கும். 20 ஜிபி மெய்நிகர் டிஸ்க் ஒன்றில் சுமார் 13 லட்சம் ஐநோட்தான். ஒவ்வொரு கிளைக்கும் தனி வேர்க்ஸ்பேஸ், அதற்குள் தனித்தனி நோட்_மொடியூல்ஸ் (என்பிஎம் இறக்கும் சின்னக் கோப்புகளின் கோப்புறை) என்று வைத்தால் பல ஜிபி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று வரும். அந்த நேரம் பெரிய கோப்பைத் தேடி அழித்துப் பயனில்லை. சின்னக் கோப்புகள் குவிந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 /வார் | சோர்ட் -எச்

‘எக்ஸ்’ இருந்தால் வேறு பார்ட்டிஷனுக்குள் போகாது. என்சிடியூ என்ற சின்னக் கருவியை நிறுவினால் அம்புக்குறியால் உள்ளே போய்ப் பார்க்கலாம். அது கொஞ்சம் கேபியில் இறங்கிவிடும்.

டியூ கூட்டிய தொகையும் டிஎஃப் சொல்வதும் பல ஜிபி வித்தியாசப்பட்டால், பெரும்பாலும் அழித்த கோப்பை ஏதோ ஒரு புரோசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸில் பெயரை அழித்தாலும், கோப்பைப் பிடித்திருக்கும் புரோசஸ் விடும்வரை இடம் திரும்பாது.

சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1

இது அந்தப் புரோசஸைக் காட்டிக்கொடுக்கும். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் உடனே வரும். இனிமேல், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் லொக்கை ‘ஆர்எம்’ போட்டு அழிக்காமல் ‘ட்ரங்கேட் -எஸ் 0’ என்று காலியாக்குங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. கோப்புமாற்றங்களைக் கவனிக்கும் கருவிகள் ‘சிஸ்டம் லிமிட் ஃபோர் நம்பர் ஒஃப் ஃபைல் வொச்சர்ஸ் ரீச்ட்’ என்று கத்தும்போது பக்கத்தில், டிஸ்க் நிரம்பும்போது வரும் அதே ஈநோஸ்பிசி குறியீடு நிற்கும். டிஸ்க்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஐநோட்டிஃபை எல்லையை, ‘எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_வொச்சஸ்’ஐ, உயர்த்தினால் போதும். அந்தப் பிழைக்காக டொக்கர் இமேஜ்களை அழித்துவிட்டு இரவு முழுக்க இறக்கிக்கொண்டிருப்பது பரிதாபம்.

2. ஊற்றிலேயே அடை

அழிக்கும் ஸ்கிரிப்டைவிட எழுதாமல் விடுவது எப்போதும் மலிவு. ஒரு கணக்குப் போடுங்கள். 40 டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் 3 எம்பி வீடியோ என்றால் ஒரு ஓட்டத்துக்கு 120 எம்பி. நாளுக்கு 30 ஓட்டத்தைச் சேமித்தால் 3.6 ஜிபி. மாதம் 22 வேலைநாளில் 79 ஜிபி. அதில் யாரும் திறந்து பார்க்கப்போவது விழுந்த டெஸ்ட்களின் வீடியோவை மட்டுந்தான்.

பிளேரைட்டில் அமைப்பு இப்படி இருக்கட்டும்: வீடியோ ‘ரிட்டெய்ன்-ஒன்-ஃபெய்லியர்’, ஸ்கிரீன்ஷொட் ‘ஒன்லி-ஒன்-ஃபெய்லியர்’, ட்ரேஸ் ‘ஒன்-ஃபர்ஸ்ட்-ரீட்ரை’. கடைசியது வேலைசெய்ய ரீட்ரை (விழுந்த டெஸ்டை மறுபடி ஓட்டுவது) எண்ணிக்கை குறைந்தது 1 ஆக இருக்க வேண்டும். 0 ஆக விட்டால் ட்ரேஸே வராது. விட்டு விட்டு விழும் டெஸ்டைத் துரத்துகிறீர்கள் என்றால் ட்ரேஸையும் ‘ரிட்டெய்ன்-ஒன்-ஃபெய்லியர்’ ஆக்குங்கள், ஏனென்றால் ரீட்ரையில் அது பாஸாகிவிட்டால் முதல் தோல்வியின் தடயம் கையில் இருக்காது.

பிரௌசரை இயக்கும் செலினியம் பாவிப்போர் ‘டிரைவர்.க்ளோஸ்’, ‘டிரைவர்.க்விட்’ இரண்டையும் ஒன்றென நினைத்து மாற்றிப் போடுவது நெடுநாள் வழக்கம். க்ளோஸ் ஒரு ஜன்னலை மூடும். க்விட்தான் பிரௌசரையும் டிரைவரையும் நிறுத்தி, /டெம்ப்புக்குள் போட்ட தற்காலிகப் புரொஃபைலையும் எடுத்துக்கொண்டு போகும். டெஸ்ட் நடுவில் விழுந்தாலும் க்விட் கட்டாயம் நடக்கும்படி ‘டியர்டவுன்’ பகுதியில் வையுங்கள். /டெம்ப்பில் ‘எல்எஸ் -ஏ’ போட்டுப் புள்ளியில் தொடங்கும் குரோமியம் கோப்புறைகள் வரிசையாகக் கிடந்தால் யாரோ க்விட்டை மறந்திருக்கிறார்கள். ஃபயர்ஃபொக்ஸ் என்றால் பெயரில் ‘ரஸ்ட்_மொஸ்புரொஃபைல்’ என்று இருக்கும்.

பைதன் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட் தன் தற்காலிகக் கோப்புறைகளை /டெம்ப்/பைடெஸ்ட்-ஒஃப்-பயனர்பெயர் என்பதற்குள் வைத்து, கடைசி மூன்று ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். டெஸ்ட் ஒவ்வொன்றும் 500 எம்பி கோப்பு உருவாக்கினால் மூன்று ஓட்டமே அதிகம். 7.3 பதிப்பிலிருந்து ‘டெம்ப்_பாத்_ரிடென்ஷன்_பொலிசி’ என்ற அமைப்பு இருக்கிறது. அதை ‘ஃபெய்ல்ட்’ என்று வைத்தால் பாஸான டெஸ்டின் கோப்புறை தங்காது.

3. டொக்கர்: பெரும்பாலான இடம் இங்கேதான்

டொக்கர் சிஸ்டம் டிஎஃப்

இமேஜ், கொன்டெய்னர் (இமேஜிலிருந்து ஓடுவது), வொல்யூம் (அதன் டேட்டா தங்கும் இடம்), பில்ட் கேஷ் (இமேஜ் கட்டும்போது சேரும் அடுக்குகள்) என்று நாலு வரி வரும். ‘-வி’ சேர்த்தால் ஒவ்வொன்றும் விரியும். ஆனால் ஐந்தாவதாக ஒன்று இந்தப் பட்டியலிலேயே வராது: கொன்டெய்னர் லொக். வழமையான ‘ஜேசன்-ஃபைல்’ முறைக்கு அளவெல்லை கிடையாது. பிழையொன்றை நொடிக்கு நூறு தடவை அச்சிடும் ஒரே கொன்டெய்னர் /வார்/லிப்/டொக்கர்/கொன்டெய்னர்ஸ் கோப்புறையைப் பல ஜிபிக்கு ஊதிவிடும். /ஈடிசி/டொக்கர்/டீமன்.ஜேசன் கோப்பில் ‘லொக்-ஒப்ட்ஸ்’ என்பதன் கீழ் ‘மேக்ஸ்-சைஸ்’ 10எம், ‘மேக்ஸ்-ஃபைல்’ 3 என்று போட்டு டொக்கரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இது புதிதாக உருவாகும் கொன்டெய்னருக்கு மட்டுமே செல்லும். பழையவற்றை நீக்கி மறுபடி உருவாக்காவிட்டால் அவை பழையபடியே ஊதும்.

அடுத்தது இமேஜ். பலரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் வரி இது:

டொக்கர் இமேஜ் ப்ரூன் -ஏ --ஃபில்டர் அண்டில்=240எச்

பத்து நாளுக்குள் இறக்கியது தப்பும் என்றுதான் இதை வாசிக்கத் தோன்றும். அப்படியில்லை. அந்த ‘அண்டில்’ பார்ப்பது இமேஜ் உருவாக்கப்பட்ட திகதியை, நீங்கள் இறக்கிய திகதியை அல்ல. போஸ்ட்கிரெஸ் இமேஜை அதன் ஆட்கள் மூன்று மாதத்துக்கு முன் கட்டியிருந்தால், நேற்று இரவு நீங்கள் காத்திருந்து இறக்கியதும் இந்த வரியில் போய்விடும், கொன்டெய்னர் ஒன்று அதைப் பிடித்திராவிட்டால். கடைச் சாமானைக் குப்பையோடு சேர்த்துக் கொட்டுவதற்கு இதைவிட இலகுவான வழி இல்லை.

லேபல் வைப்பதே பாதுகாப்பு. உங்கள் டெஸ்ட் இமேஜைக் கட்டும்போது ‘--லேபல் வகை=டெஸ்ட்’ என்பது போல ஒன்றை ஒட்டுங்கள். அழிக்கும்போது அதே லேபலை ஃபில்டராகக் கொடுங்கள். உங்கள் கையால் கட்டியவை மட்டும் போகும், அடிப்படை இமேஜ் நிற்கும்.

பில்ட் கேஷிலும் இதே கவனம் வேண்டும். டொக்கர்ஃபைலில் ‘மவுன்ட் டைப்=கேஷ்’ போட்டு என்பிஎம்மோ பிப்போ இறக்கியவற்றைச் சேமிக்கிறீர்கள் என்றால் அவையும் பில்ட் கேஷுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. ‘டொக்கர் பில்டர் ப்ரூன் -ஏ’ அவற்றையும் வாரிக்கொண்டு போகும். ‘--ஃபில்டர் டைப்=ரெகுலர்’ சேர்த்தால் சாதாரண அடுக்குகள் மட்டும் போகும். மொத்த அளவுக்கு எல்லை வைக்கப் பழைய பதிப்புகளில் ‘--கீப்-ஸ்டோரேஜ்’, புதியவற்றில் ‘--மேக்ஸ்-யூஸ்ட்-ஸ்பேஸ்’. இந்த அளவுக் கணினிக்கு 10 ஜிபி போதும்.

வொல்யூமில் ஒரு திருப்பம். டொக்கர் 23 முதல் ‘வொல்யூம் ப்ரூன்’ பெயரில்லாத வொல்யூம்களை மட்டும் எடுக்கும். பெயர் வைத்தவற்றையும் சேர்க்க ‘-ஏ’ வேண்டும். அந்த ‘-ஏ’யை ஸ்கிரிப்டில் எழுதவே வேண்டாம். வாடிக்கையாளர் டம்ப் ஏற்றிய வொல்யூமும் பெயருள்ளதுதான். டெஸ்ட் முடிந்தவுடன் ‘டொக்கர் கொம்போஸ் டவுன் -வி’ கொடுத்தால் அந்தத் திட்டத்தின் வொல்யூம்கள் மட்டும் போகும். கொம்போஸ் கோப்பில் ‘எக்ஸ்டேர்னல்’ என்று குறித்தவை தப்பும். விதைநெல் வொல்யூமுக்கு அந்தக் குறியை இன்றே போடுங்கள்.

டெஸ்டுக்காகக் கொன்டெய்னர்களை எழுப்பும் டெஸ்ட்கொன்டெய்னர்ஸ் பாவிப்பவர்களிடம் ரியூக் என்ற துப்புரவுக் கொன்டெய்னர் இருக்கும். ஏதோ அனுமதிப் பிழைக்காக அதை நிறுத்திவைத்தால் பாதியில் கொல்லப்பட்ட ஒவ்வொரு ஓட்டமும் டேட்டாபேஸ் கொன்டெய்னர் ஒன்றை விட்டுவிட்டுப் போகும்.

4. டேட்டாபேஸை ரேமுக்கு ஏற்று

டெஸ்ட் டேட்டாபேஸ் டிஸ்க்கில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொன்டெய்னரை ‘--டெம்பிஎஃப்எஸ்’ கொடுத்து, டேட்டாக் கோப்புறையை அதில் வைத்தால் எழுதுவதெல்லாம் ரேமில் நடக்கும், நிறுத்தினால் காணாமல் போகும், டெஸ்டும் வேகமாக ஓடும். 16 ஜிபி கணினியில் ‘சைஸ்=1ஜி’ என்று எல்லை வையுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்புவதற்குப் பதில் ரேம் நிரம்பும். போஸ்ட்கிரெஸ் 18 இமேஜில் டேட்டாக் கோப்புறையின் பாதை மாறியிருக்கிறது. பழைய பாதையைக் கொடுத்துவிட்டு ரேமில் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

மைஎஸ்கியூஎல் 8, டேட்டா மாற்றங்களைப் பதியும் பைனரி லொக்கைத் தானாகவே எழுதும், 30 நாள் வைத்திருக்கும். ஒவ்வொரு டெஸ்டும் அட்டவணையை நிரப்பிக் காலியாக்கும்போது டேட்டா சிறியதாகவே இருக்கும், பைனரி லொக் மட்டும் வளரும். டெஸ்ட் சேர்வரில் அதற்கு வேலையே இல்லை. ‘--ஸ்கிப்-லொக்-பின்’ கொடுத்து நிறுத்துங்கள்.

5. கடைச் சாமானை ஒரே இடத்தில் வை

கேஷ்களை அழிக்காமல் இருப்பது பாதி வேலை. ஐந்து கணினியில் ஐந்து தடவை இறக்காமல் இருப்பது மறுபாதி. ஒரு கணினியில் டொக்கர் ரெஜிஸ்ட்ரியை (இமேஜ் களஞ்சியத்தை) இடையில் நிற்கும் ப்ரொக்ஸியாக ஓடவிட்டு மற்றவற்றின் டீமன்.ஜேசனில் ‘ரெஜிஸ்ட்ரி-மிரர்ஸ்’ என்று அதைக் காட்டினால், டொக்கர் ஹப் இமேஜ் எதுவும் அந்தச் சேமிப்பில் இருக்கும்வரை வெளியிலிருந்து ஒருமுறைதான் வரும். பிறகு ஓபிஸ் கேபிளில் ஓடும். என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ அதே வேலையைச் செய்யும். இவை இரண்டும் ஓடத் தொடங்கிவிட்டால் மற்றக் கணினிகளுக்கு டொக்கர் ஹப், என்பிஎம் கடைச் சாமானே வைக்கோல் ஆகிவிடும். அவற்றில் தாராளமாக ப்ரூன் பண்ணலாம்.

இவ்வளவு ஏற்பாடு இல்லாத வந்தாறுமூலை, ஒலுவில் மாணவர் குழுக்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். ‘டொக்கர் சேவ்’ போட்டு ஜிசிப்பால் சுருக்கி வையுங்கள், அடுத்தவர் ‘டொக்கர் லோட்’ போடட்டும்.

பிளேரைட்டில் ‘இன்ஸ்டோல்’ மட்டும் கொடுத்தால் மூன்று பிரௌசரும் வரும். குரோமியத்தில் மட்டும் டெஸ்ட் ஓட்டுபவர் ‘இன்ஸ்டோல் குரோமியம்’ என்று கேளுங்கள். பிளேரைட் பதிப்பு ஒவ்வொன்றும் தனக்கென்று பிரௌசர் பதிப்பைக் கேட்கும் என்பதால், திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பைப் பூட்டி வைப்பது நல்லது. மேம்படுத்துவதை இரவு டேட்டா உள்ள நேரத்துக்குத் தள்ளுங்கள்.

கிரேடில் தன் கேஷைத் தானே பார்த்துக்கொள்ளும். 30 நாள் தொடாத இறக்கங்களை அதுவே எடுக்கும். அண்ட்ராய்ட் எமியூலேட்டர் தன் நிலையை டிஸ்க்கில் சேமிக்காதிருக்க, ‘-நோ-ஸ்னப்ஷொட்’ கொடுத்து ஓட்டுங்கள்.

6. ஜென்கின்ஸும் மேகமும் (கிளவுட்)

ஜென்கின்ஸில் பழைய பில்ட்களை அகற்றும் அமைப்பு ஒவ்வொரு ஜொப்புக்கும் தனித்தனி. பில்ட் 20, ஆர்டிஃபெக்ட் (பில்ட் விட்டுப்போகும் கோப்புகள்) 5 என்று வையுங்கள். லொக் சிறியது, ஆர்டிஃபெக்ட்தான் பெரியது. இது பொதுவாக அடுத்த பில்ட் முடியும்போதுதான் நடக்கும் என்பதால் ஓடாமல் கிடக்கும் ஜொப் தன் குப்பையோடேயே கிடக்கும். துப்புத்துலக்கும் பில்டுக்கு ‘கீப் திஸ் பில்ட் ஃபொரெவர்’ அழுத்துங்கள். ஜென்கின்ஸ் வேலை கொடுக்கும் கணினி (நோட்) ஒன்றில் 1 ஜிபிக்குக் கீழே இடம் குறைந்தால் ஜென்கின்ஸ் அதை ஒஃப்லைன் ஆக்கிவிடும். டெஸ்ட் வரிசையில் காத்திருக்கும், காரணம் வெளியே தெரியாது.

கிட்ஹப் அக்ஷன்ஸில் ஆர்டிஃபெக்ட் வழமையாக 90 நாள் தங்கும். ஏற்றும் படியில் ‘ரிடென்ஷன்-டேஸ்’ 5 என்று குறைத்துவிடுங்கள். கிட்லாப்பில் அதற்கு ‘எக்ஸ்பயர்_இன்’.

7. கரண்ட் போகும் ஊருக்கு ஏற்ற நேர அட்டவணை

குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரோனில் இரவு 2 மணிக்கு என்று எழுதி வைப்பது புத்தகப்படி சரி. மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகும் ஓபிஸில் அந்த 2 மணி ஒருநாளும் வராது. சிஸ்டம்டி டைமர் எழுதி ‘பேர்சிஸ்டன்ட்=ட்ரூ’ என்று போடுங்கள். தவறிய ஓட்டத்தை அடுத்த தடவை கணினி எழும்பியதும் அது செய்துவிடும். மாரி காலத்தில் மின்வெட்டில் பாதியில் அறுந்த ஓட்டங்களின் மிச்சத்துக்கும் இதுவே நல்ல வேளை, டெஸ்ட் ஒன்றும் அப்போது ஓடாது. மேகத்தில் உள்ள கணினி யூடிசி நேரத்தில் இருந்தால், நம் அதிகாலை 2 மணிக்கு அங்கே முதல் நாள் 20:30.

டெஸ்ட் ஓடும்போது துப்புரவு ஓடினால் இல்லாத பிழையெல்லாம் முளைக்கும். இரண்டையும் ஒரே ‘எஃப்லொக்’ பூட்டுக்குள் வையுங்கள், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும்.

பழைய கோப்புறைகளை எடுக்க ஃபைண்ட் கட்டளை போதும். ஆனால் ‘-டிலீட்’ எப்போதும் வரியின் கடைசியில். ஃபைண்ட் இடமிருந்து வலமாகச் சரிபார்த்துக்கொண்டு போகும். ‘-எம்டைம் +7’க்கு முன்னால் ‘-டிலீட்’ நின்றால் வயதைப் பார்க்குமுன்னே எல்லாம் அழிந்திருக்கும். முதலில் ‘-பிரின்ட்’ போட்டு ஓட்டி, வரும் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்.

டெஸ்ட் தொடங்கும் ஸ்கிரிப்டின் முதல் வேலையாக மிச்ச இடத்தைப் பார்த்து, 8 ஜிபிக்குக் கீழ் என்றால் ‘டிஸ்க் இடம் போதாது’ என்று சொல்லி நிற்க வையுங்கள். அரை நாள் தேடல் அந்த ஒரு வரியில் மிச்சமாகும். டெஸ்ட் வெளியீட்டுக்குத் தனிப் பார்ட்டிஷன், சுமார் 60 ஜிபி, கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. அது நிரம்பினால் டெஸ்ட் மட்டும் விழும், சிஸ்டம் விழாது.

8. விண்டோஸில் ஓட்டுபவர்களுக்கு

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2க்குள் 40 ஜிபி அழித்தும் சி டிரைவில் ஒன்றும் கூடவில்லை என்பது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. உள்ளே இருக்கும் லினக்ஸ் ஒரே ஒரு விஎச்டிஎக்ஸ் கோப்புக்குள் வாழ்கிறது. அந்தக் கோப்பு வளரும், வழமையாகத் தானாகச் சுருங்காது. டொக்கர் டெஸ்க்டொப்பை மூடி, ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து, டிஸ்க்பார்ட்டில் அந்தக் கோப்பைத் தெரிவுசெய்து ‘கொம்பெக்ட் விடிஸ்க்’ ஓட்டுங்கள். சில நிமிடம் எடுக்கும். லப்டொப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நூறு வீதமும் நிரம்பிவிட்டால்

அந்த நேரம் கை பதறும், விதைநெல்லில் கை வைப்பதும் அந்த நேரந்தான். அதனால் இன்றே 2 ஜிபி வெற்றுக் கோப்பொன்றை ‘ஃபலொகேட் -எல் 2ஜி’ போட்டு உருவாக்கி வையுங்கள். முட்டியதும் முதலில் அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு சிஸ்டத்தின் லொக்கான ஜேர்னலை ‘ஜேர்னல்சிடிஎல் --வேக்கியூம்-சைஸ்=200எம்’ கொண்டு குறையுங்கள், டெஸ்ட் லொக்குகளை ட்ரங்கேட் செய்யுங்கள், நின்றுபோன கொன்டெய்னர்களை எடுங்கள், டெஸ்ட் வெளியீட்டில் ஏழு நாள் தாண்டியதை எடுங்கள். இந்த நாலும் வைக்கோல்தான், ஒரு எம்பி டேட்டாவும் செலவாகாது. அப்படியும் போதாவிட்டால் மட்டும் கேஷ் பக்கம் போங்கள். போகுமுன் ரவுட்டரில் மிச்ச டேட்டா எவ்வளவு என்று ஒருக்கா பாருங்கள். எல்லாம் சீரானதும் அந்த 2 ஜிபி கோப்பை மறுபடி உருவாக்கி வைக்க மறக்க வேண்டாம்.